திருமூர்த்தியின் சாட்சி

தன் புருஷனைத் தன்னைவிட நன்றாகத் தெரிந்தவள் இன்னொருத்தி என்று முத்திரை குத்திய அட்டை தபாலில் வந்து சேர்ந்தால் ஒரு பெண் என்ன செய்வாள்? மேகலா முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்து, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அட்டையை மறுபடியும் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

பெயர் திருமூர்த்தி, வயது ஐம்பத்தொன்று, கோயம்புத்தூர், கணபதி. அதற்குக் கீழே கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் சாட்சி: வாசுகி.

வாசுகி யாரென்று மேகலாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பம்புசெட்டுக்கு மின்பலகை செய்கிற கம்பெனியில் பதினான்கு வருடமாகத் திருமூர்த்திக்குப் பக்கத்து மேஜைக்காரி. மேகலா விடிகாலையில் எழுந்து கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸில் பாதி அவள் வயிற்றுக்குத்தான் போகிறது என்பதும் தெரியும். கல்யாணமாகிப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். திருமூர்த்தியை மூர்த்தியண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அண்ணனாம், அண்ணன்.

அந்த நாட்களில் சாட்சி என்பது சாதாரண விஷயம் இல்லை. கடவுச்சொல், ஓடிபி, கைரேகை, முகம் என்று ஒவ்வொன்றாகத் தோற்றுப்போயிருந்தன. யார் குரலையும் யார் முகத்தையும் திருடர்கள் ஒரு மணி நேரத்தில் செய்து முடித்தார்கள். மகன் குரலில் தாயிடம் அழுதார்கள், மேலதிகாரி முகத்தில் ஊழியரை மிரட்டினார்கள். ஜனங்கள் சொந்த வீட்டுப் போனை எடுக்கவே பயந்து கிடந்தபோதுதான் அரண் வந்தது. அரண் ஒரு காவல் நிரல். எல்லாருடைய கணினியிலும் போனிலும் அது உட்கார்ந்திருந்தது. புதிய கருவி எதிலிருந்தாவது ஒருவர் தன் கணக்கைத் திறக்கப் பார்த்தால், அரண் அவருடைய சாட்சியை அழைத்து, பேசுவது அவர்தானா என்று கேட்கும். ஆமாம் என்றால் கதவு திறக்கும். இல்லை என்றால் மூன்று நாள் பூட்டு. ஆஸ்பத்திரிக் கோப்பு, ரயில் டிக்கெட், ஆபீஸ் வாசல் என்று மனிதனின் சகலமும் அந்தப் பூட்டுக்குள் போய்விடும்.

சாட்சியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அரண்தான் தேர்ந்தெடுக்கும். அதைத்தான் மேகலாவால் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் திருமூர்த்தி வந்து செருப்பைக் கழற்றும்போதே அட்டையை நீட்டினாள்.

"இது வந்துச்சுங்க."

வாங்கிப் பார்த்தார். "ம்" என்றார்.

"என்னங்க ம்? சாட்சின்னு யாரு பேரு போட்டிருக்குதுன்னு பாத்தீங்களா?"

"மிசினு போடறது. நாம என்ன பண்றது?"

"மிசினு எதையாச்சும் பாத்துத்தானே போடும்?"

"காப்பி இருக்குதா?"

இருந்தது. கொடுத்தாள். குடித்துவிட்டு, மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர்களுக்குள் நடந்த நீளமான பேச்சுகளில் இதுவும் ஒன்று.

மறுநாள் காலை மேகலா காந்திபுரத்தில் இருந்த அரண் சேவை மையத்துக்குப் போனாள். மேஜையில் கலைவாணன் என்று பெயர்ப்பட்டை குத்திய ஆள் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும், மரியாதையான பையன்தான்.

"எங்கூட்டுக்காரருக்கு நாந்தானுங்க சாட்சி. தப்பா அடிச்சு அனுப்பிட்டீங்க" என்றாள்.

அவன் திரையைப் பார்த்தான். "தப்பில்லீங்கம்மா. வாராவாரம் உங்க போனுக்கு அஞ்சாறு கேள்வி வருமில்லீங்க, இது அவரா இல்லையான்னு?"

வரும். திருமூர்த்தியின் குரலில் ஒரு வரி, அல்லது அவர் அனுப்பியதாக ஒரு குறுஞ்செய்தி. பாதி நிஜம், பாதி அரணே செய்த போலி. மேகலா குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் எதையாவது ஒன்றைத் தட்டிவிடுவாள்.

"அவரு பழகற அத்தனை பேருக்கும் அது போகுமுங்க. நிஜத்தையும் போலியையும் யாரு சரியாப் பிரிச்சுச் சொல்றாங்களோ அவங்கதான் சாட்சி. வாசுகிங்கறவங்க நூத்துக்குத் தொண்ணூத்தாறு."

"நானு?"

"அது எதுக்குங்கம்மா."

"சொல்லுங்க தம்பி."

"அம்பத்திரண்டு." சொல்லிவிட்டு அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "காசு சுண்டிப் போட்டுப் பதில் சொன்னாலே அம்பது வந்துருமுங்க, நீங்க ரெண்டு கூட வாங்கியிருக்கீங்க" என்றான்.

மேகலா பல்லைக் கடித்துக்கொண்டாள். "அவருகிட்ட ஏதாச்சும் கேள்வி கேட்டுக் கண்டுபுடிக்கலாமில்ல? கல்யாணத்துல என்ன கலரு சீலை கட்டியிருந்தேன்னு கேட்டா அவளுக்குத் தெரியுமா?"

"கேள்வின்னா அதுக்கு ஒரு பதிலு இருக்குமில்லீங்க. பதிலத் திருடிருவாங்க. அதனாலதான் சாட்சி கேள்வியே கேக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கறது. முப்பது நொடி அவரு பேசுவாரு. காது குடுத்துக் கேக்கோணும். அவருதான்னு தோணுதா இல்லையா, அவ்வளவுதான்."

"அப்ப ரெண்டு பேரச் சாட்சியா போடறது?"

"திருடனுக்கு ஒருத்தர ஏமாத்துனாப் போதுமுங்களே. ரெண்டு வாசல்னா ரெண்டையும் காக்கோணும்."

"அவ தப்பாச் சொல்லிப்போட்டா?"

"போலிய உள்ள விட்டுட்டா அன்னிக்கே எடுத்துருவோம். அடுத்த இடத்துல யாரு இருக்காங்களோ அவங்களுக்குப் போயிரும்." அவன் திரையைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தான். "அடுத்த இடம் நீங்கதானுங்கம்மா. பெங்களூர்ல இருக்கற உங்க மகன் ஒரு கேள்விக்கும் பதில் போடறதில்ல. உங்கூட்டுக்காரரு தம்பி, தங்கச்சி, கம்பெனியில மத்தவங்க எல்லாரும் அப்படித்தான்."

மேகலா எழுந்து வந்துவிட்டாள். அடுத்த இடம் என்ற இரண்டு சொல் மட்டும் அவளோடு பஸ்ஸில் ஏறி வீடு வரைக்கும் வந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சுமதி வேறு வந்து சேர்ந்தாள். சுமதி திருமூர்த்தியின் தங்கை, எதையும் நாலு பேர் நடுவில் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கூட்டுக்காரருக்கு நாந்தான் சாட்சி, தொண்ணூறு. அண்ணனுக்கு நீங்கதானே அண்ணி?" என்றாள்.

"பின்ன வேற யாரு?" என்று சொல்லிவிட்டு மேகலா பாயசத்தை அப்படியே இலையில் விட்டு எழுந்தாள்.

முயற்சி செய்யாமலும் இல்லை. அவருடைய குரலைப் படிக்கிறேன் என்று இரண்டு வாரம் பின்னாலேயே சுற்றினாள். படிக்க அங்கே என்ன இருந்தது? வர்றேன், சாப்பாடு, கரண்ட் போச்சா, ம். இந்த நாலில் எது நிஜம் எது போலி என்று தெய்வமே இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது. அவர் மனைவியிடம் மிச்சம் பிடித்த வார்த்தையெல்லாம் கணபதியிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, அந்தப் பக்கத்து மேஜையில் கொட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஏறியபோது அவர் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். வயிறு குலுங்குகிற சிரிப்பு. இந்த மனிதனுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறதா என்று மேகலா படியிலேயே நின்றுவிட்டாள். அவள் தலை தெரிந்ததும் அவர் குரல் இறங்கியது. "சரி வாசுகி, அந்தப் பலகையில மூணாவது ரிலேய மாத்திப் பாரு" என்று வேலைப் பேச்சுக்குத் தாவினார்.

அன்றைக்குத்தான் அவள் அதைச் செய்யத் துணிந்தாள். ஈரத் துணி வாளிக்குள் தன் போனை வைத்து, பதிவு செய்யும் பொத்தானை அமுக்கினாள். நாலு ஞாயிறு இப்படி. ரிலே, கெப்பாசிட்டர், மோட்டார் சூடு என்று மொத்தம் நாற்பது நிமிடக் குரல் சேர்ந்தது. அவள் படி ஏறும் முன்பு அவர் பேசியது எதுவும் அதில் சிக்கவில்லை. அதுவே அவள் சந்தேகத்துக்கு இன்னும் எண்ணெய் வார்த்தது.

குரல் செய்யும் நிரல் இலவசம் என்று தேடியபோது கண்ணைப் பறிக்கும் விளம்பரங்கள் சுற்றி மினுக்கிக்கொண்டிருந்த ஒரு பக்கம் வந்தது. இறக்கு என்ற பச்சைப் பொத்தானைத் தொட்டாள். வீட்டுக் கணினியின் அரண் உடனே எழுந்துவிட்டது. இதை எழுதியவர் யாரென்று தெரியவில்லை என்று மஞ்சளில் சொன்னது. இந்த நிரல் உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் படிக்க அனுமதி கேட்கிறது என்று சிவப்பில் சொன்னது. மூன்றாவது தடவை, என்னை நிறுத்தினால்தான் இது உள்ளே வர முடியும், நிறுத்தட்டுமா என்றே கேட்டது. பத்து நிமிடம்தானே என்று மேகலா நிறுத்தினாள். வாசல் கதவைப் பத்து நிமிடம் விரியத் திறந்து வைத்துவிட்டு யாராவது குளிக்கப் போவார்களா? கணினி என்றால் மட்டும் போகிறோம்.

திருமூர்த்தி வேலையாக உடுமலைப்பேட்டைப் பக்கம் போயிருந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அந்த நிரல் அவர் குரலில் பேசியது. வேறு ஏதோ நாட்டுக் கருவியிலிருந்து அவர் கணக்கைத் திறப்பதுபோல் அதுவே ஏற்பாடு செய்துகொண்டது. பேச வேண்டிய வசனத்தை மட்டும் மேகலா எழுதிக் கொடுத்திருந்தாள்.

"வாசுகி, நாந்தான். வீட்ல மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில இருக்கறேன். போன் ஒடைஞ்சுருச்சு, வேற ஒருத்தர் போன்ல இருந்து திறக்கறேன். சீக்கிரம் வாசுகி, பயமா இருக்குது."

முப்பது நொடி கேட்க வேண்டிய வாசுகி பதினோராவது நொடியில் ஆமாம் என்று அமுக்கிவிட்டாள். தொண்ணூற்றாறு வாங்கியவள். மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. திறந்த கணக்கை உடனே மூடினாள். உடுமலையில் திருமூர்த்தியின் போன் அலறியது, அவர் புகார் செய்தார், சாயங்காலத்துக்குள் வாசுகியின் பெயர் போய்விட்டது.

மறுநாள் மாலை அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அப்படி நிற்கிற ஆளே இல்லை.

"உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார்.

மேகலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கறேன்."

"ம்." போகத் திரும்பியவர் நின்றார். "வாசுகி லீவு போட்டிருக்குது. கம்பெனியில எல்லாரும் திருடன உள்ள விட்டவங்கன்னு சொல்லிச் சிரிக்கறாங்க. பாவம், அழுதுட்டே போச்சு."

பாவம் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. இருந்த கொஞ்சநஞ்ச உறுத்தலும் மேகலாவை விட்டுப் பறந்துவிட்டது. எனக்கு ஒருநாள் பாவம் சொல்லியிருப்பீர்களா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே வெங்காயத்தை நறுக்கினாள்.

புது அட்டை வந்தது. சாட்சி: மேகலா. அதைப் படம் எடுத்து முதலில் சுமதிக்கு அனுப்பினாள். இரண்டு நாள் அவள் நடையே வேறு மாதிரி இருந்தது.

மூன்றாம் நாளிலிருந்து கணினி சரியாயில்லை. சும்மா இருக்கும்போதே உள்ளே விசிறி இரைந்தது. திறக்காத பக்கங்கள் திறந்தன. இந்தக் கணினியிலிருந்து தெரியாத இடத்துக்குத் தரவு போய்க்கொண்டிருக்கிறது, உடனே மையத்துக்குக் கொண்டு வரவும் என்று அரண் தினமும் சொன்னது. கொண்டு போனால் கலைவாணன் திறந்து பார்ப்பான். பார்த்தால் அந்த நிரலும் நாற்பது நிமிடக் குரலும் வெளியே வரும், அட்டையில் ஏறிய பெயர் இறங்கிவிடும். மேகலா மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கணினியின் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினாள். போகிறது எல்லாம் ஏற்கெனவே போயிருக்கும் என்று அவளுக்கும் தெரியாமல் இல்லை. எவனோ ஒருவன் கையில் தன் புருஷனின் குரல் இருக்கிறது, அவன் என்றைக்காவது அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவான் என்று உள்ளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது.

அந்த மாதக் கடைசியில் திருமூர்த்தியை ராஜ்கோட்டில் ஒரு பெரிய பம்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு, "வர்றேன்" என்றார். போனார்.

நாலாம் நாள், காலை பதினோரு மணி இருக்கும். மேகலாவின் போன் இதுவரை அவள் கேட்காத ஒலியில் அடித்தது. திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் வெள்ளை எழுத்து. திருமூர்த்தியின் கணக்கைப் புதிய கருவி ஒன்று திறக்கிறது. கேளுங்கள். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாட்சியான பிறகு முதல் அழைப்பு.

குரல் வந்தது. மூச்சு வாங்கியது. பின்னால் யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மேகலா." ஒரு இடைவெளி. "மேகலா, நாந்தான் கண்ணு. நீதான் கேட்டுட்டு இருப்பேன்னு தெரியும். பயந்துக்காத. ஏணியில இருந்து விழுந்துட்டேன், காலுதான். வேற ஒண்ணுமில்ல. நீ அந்தப் பக்கம் இருக்கறேன்னு நெனச்சதும் எனக்குத் தைரியம் வந்துருச்சு, மேகலா."

அவ்வளவுதான். கீழே இரண்டு பொத்தான்கள். ஆமாம். இல்லை.

மேகலாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த நொடியே கோபம் வந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தா, ஏம்மா, இல்லாவிட்டால் சும்மா ஒரு கனைப்பு. கண்ணு என்று தெருவில் போகிற குழந்தையைச் சொல்வார், அவளைச் சொன்னதில்லை. இது அவர் இல்லை. அவளே வாசலைத் திறந்துவிட்டு உள்ளே விட்ட எவனோ, அவள் எதற்கு ஏங்கிச் சாகிறாள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, அதையே இனிப்பில் தோய்த்து எடுத்து வந்திருக்கிறான். வாசுகியை அவள் எதைச் சொல்லி ஏமாற்றினாளோ, அதே ஆஸ்பத்திரி, அதே பயம். நானா ஏமாறுவேன்? என் புருஷனை எனக்குத் தெரியாதா?

இல்லை என்று அமுக்கினாள். அமுக்கிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் புருஷனைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறோம் என்ற பெருமை நெஞ்சில் நிறைந்திருந்தது.

ஒரு மணிக்குக் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார்.

"அம்மா, பதறாதீங்க. திருமூர்த்தி தொட்டி ஏணியில இருந்து விழுந்துட்டாரு. கால்ல ரெண்டு எடத்துல எலும்பு முறிஞ்சிருக்குது. போன் நொறுங்கிப் போச்சு. இப்ப பிரச்சனை என்னன்னா, அவரு கணக்கு பூட்டிக் கெடக்குதுங்க. ஆஸ்பத்திரியில அவரு கோப்பத் தொறக்க முடியல. ஏதோ ஒரு ஊசி அவருக்கு ஒத்துக்காதாமே? ஆபரேசன நிறுத்தி வெச்சிருக்காங்க. வலிக்கு மருந்து குடுத்ததுல அவருக்கு நெனவு சரியா இல்ல, கேட்டாச் சொல்லத் தெரியல. அந்த ஊசி பேரு உங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாது. எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு நின்று பிழைத்தார். அவள்தான் பக்கத்தில் இருந்தாள். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கோப்பில் இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிட்டாள்.

எப்படி ஆட்டோ பிடித்தாள், எப்படி மையத்துப் படி ஏறினாள் என்று பிறகு அவளுக்கு ஞாபகம் இல்லை. கலைவாணன் எழுந்து நின்றுவிட்டான்.

"நான் தப்பாச் சொல்லிட்டனுங்க. அது அவருதான். தொறந்து விடுங்க."

"நீங்க இல்லைன்னு சொன்னத நீங்களே மாத்த முடியாதுங்கம்மா. உங்கள யாராச்சும் மெரட்டி மாத்தச் சொல்றாங்களோன்னு அரண் நெனைக்கும். மேனேஜரு பேசுனதே போலியா இருக்கலாம்னு நெனைக்கும். அதுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்குது."

"ஆபரேசன் நிக்குது தம்பி. கால் போயிருமாட்ட இருக்குது."

"உங்களுக்கு முன்னால சாட்சியா இருந்தவங்க அந்தப் பதிவக் கேட்டு ஆமாம்னு சொல்லலாமுங்க. ஆனா அவங்க போலிய உள்ள விட்டுத் தகுதி போனவங்க." அவன் தயங்கினான். "அன்னிக்கு வந்தது வெளியாள் வேலை இல்ல, வீட்டாளு பண்ணுனதுன்னு தெரிஞ்சா மட்டும், சாட்சி மேல குத்தமில்லைன்னு அவங்க தகுதி திரும்பி வரும். அதுக்கு இப்ப எங்க போறது?"

மேகலா கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். அட்டை உள்ளே இருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதைச் சொன்னால் அது போகும். சுமதிக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட, அந்த இடத்தில் மறுபடியும் வாசுகி போய் உட்காருவாள்.

"எங்கயும் போக வேண்டாமுங்க" என்றாள். "அதப் பண்ணுனது நாந்தான். நிரல் வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்குது. ஆளனுப்பி எடுத்துக்கங்க."

கலைவாணன் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரையைத் திருப்பினான். "இதுல நீங்க கைரேகை வெச்சா, இனிமே நீங்க யாருக்குமே சாட்சியா இருக்க முடியாதுங்கம்மா. அவருக்கு மட்டுமில்ல, உங்க மகனுக்கும் சேத்துத்தான்."

"ம்" என்றாள் மேகலா. விரலை வைத்தாள்.

வாசுகி முக்கால் மணி நேரத்தில் வந்தாள். வீட்டுப் புடவையோடு, தலைகூடச் சீவாமல் வந்திருந்தாள். வரும் வழியிலேயே கலைவாணன் போனில் எல்லாம் சொல்லியிருந்தான். மேகலாவை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவாள் என்று மேகலா எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. வாசுகி நேராகப் போய்க் காதில் கருவியை மாட்டிக்கொண்டாள்.

பதிவு ஓடத் தொடங்கியது. முதல் நொடியிலேயே வாசுகியின் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை அவசரப்படவில்லை. முப்பது நொடியும் கேட்டாள். கேட்டுவிட்டு ஆமாம் என்று அமுக்கினாள்.

பத்து நிமிடத்தில் ராஜ்கோட்டிலிருந்து மேனேஜருக்கும், மேனேஜரிடமிருந்து மேகலாவுக்கும் செய்தி வந்தது. கோப்பு திறந்துவிட்டது. உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். ஆபரேஷன் முடிய மூன்று மணி நேரம் ஆகும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

இரண்டு பேரும் மையத்தின் இரும்பு நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போக இருவருக்கும் தோன்றவில்லை.

"எப்படி அவருதான்னு உனக்குத் தெரிஞ்சுது?" என்றாள் மேகலா.

"மொத வார்த்தையிலயே தெரிஞ்சுருச்சுங்க்கா. உங்க பேரச் சொன்னாருல்ல."

"அவரு என் பேரச் சொல்லவே மாட்டாரு."

"உங்ககிட்டச் சொல்ல மாட்டாரு" என்றாள் வாசுகி. "ஆபீசுல வேற பேச்சே கெடையாதுங்க்கா. மேகலா இன்னிக்கு பூண்டுக் கொழம்பு வெச்சிருக்கறா, சாப்பிட்டுப் பாரு. மேகலாக்கு முட்டி வலிக்குதாம், மாடிப்படிக்குக் கைப்பிடி போடோணும். மேகலா டிவி பாத்துட்டு அழுதா, நான் பாக்காத மாதிரி போயிட்டேன். ஞாயித்துக்கெழம போன்லயும் இதேதான். நேத்து மேகலா என்ன பண்ணுனா தெரியுமான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நீங்க மாடிக்கு வர்ற சத்தம் கேட்டா மட்டும் ரிலே, கெப்பாசிட்டருன்னு ஆரம்பிச்சுருவாரு. நேர்ல சொல்ல வேண்டியதுதானேண்ணான்னு கேட்டா, போ வாசுகி, அதெல்லாம் வெக்கமா இருக்குதும்பாரு."

வாசுகி மேகலாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நீங்க பண்ணுன குரல்ல வீட்லன்னு வந்துச்சு. அவரு வீட்லன்னு சொல்ற ஆளே இல்ல. எனக்கு உறுத்துச்சுங்க்கா. ஆனா உங்களுக்கு ஆஸ்பத்திரின்னதும் யோசிக்கத் தோணல. உங்களுக்கு ஏதாச்சும் ஆனா அவரு என்ன ஆவாருன்னுதான் தோணுச்சு. கை தானா அமுக்கிருச்சு."

நியாயமாகப் பார்த்தால் மேகலாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வெட்கமாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் எங்கேயோ ஓரமாகத்தான் இருந்தன. அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது பொறாமை. இத்தனை நாள் இருந்த பொறாமை இதற்குமுன் ஒன்றுமேயில்லை. பதினான்கு வருடம் தினமும் தன் பெயர் அந்தக் குரலில் சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இவள் காதில் விழுந்திருக்கிறது. தன் காதில் ஒரே ஒரு நாள் விழுந்தது, அதையும் இல்லை என்று அமுக்கியாகிவிட்டது.

"எப்படிச் சொல்லுவாரு?" என்றாள்.

"என்னதுங்க்கா?"

"என் பேர. ஆபீசுல, சாதாரணமா, டிபன் பாக்ஸத் தொறக்கறப்ப. அவரு சொல்ற மாதிரியே ஒருக்காச் சொல்லிக் காட்டு."

வாசுகி சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவர் உட்காருவதுபோல் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து, முதல் எழுத்தை லேசாக இழுத்து, கடைசியில் குரலைத் தணித்து, சொன்னாள்.

மேகலா கண்ணை மூடிக் கேட்டாள்.

"இன்னொருக்கா" என்றாள்.